கரண்ட் இல்லாத ஏரிக்கரையில் முதல் இரவு: அல்கோன்குவினுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

"காசும் குடுத்து, கரண்ட் இல்லாத இடத்திலயோ போய்ப் படுக்கப் போறியள்?" என்று அம்மா கேட்டார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வருடக்கணக்காகச் சமைத்தவர் அவர். அவருக்கு என்ன பதில் சொல்வது? ஸ்காபரோ வீட்டில் இருந்து காரில் சாமான் ஏற்றிக்கொண்டே, "இது வேற அம்மா" என்று சமாளித்தேன். சாமான் ஏற்றி முடிக்கப் பகல் பன்னிரண்டு மணி. அந்தப் பயணத்தில் நடந்த எல்லாப் பிழைக்கும் வேர் அந்தப் பன்னிரண்டு மணிதான். அதை அம்மா அப்போதே சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை.

ரொறன்ரோவில் இருந்து வடக்கே கிட்டத்தட்ட 300 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அல்கோன்குவின் மாகாணப் பூங்கா. 1893 இல் உருவாக்கப்பட்டது. 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேலான காடு, அதற்குள் 2,400 க்கும் மேற்பட்ட ஏரிகள். 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை அதன் தெற்கு ஓரமாக 56 கி.மீ. நீளத்துக்கு ஓடுகிறது. பெரும்பாலானவர்கள் அந்தச் சாலையோரத்தில் இலை சிவப்பதைப் பார்த்து, படம் எடுத்து, டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கோப்பையோடு திரும்பிவிடுவார்கள். சாலையை விட்டு உள்ளே போனால் கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அங்கே ஓர் இரவு தங்க ஆசைப்படுகிற, இதுவரை கூடாரமே அடித்திராத ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். வீட்டில் சுவிட்சைத் தட்டினால், குழாயைத் திறந்தால் முடிகிற காரியம் ஒவ்வொன்றும் அங்கே தனித்தனி வேலை. தண்ணீர் அள்ளிக் கொதிக்க வைப்பது ஒரு வேலை, விறகு பொறுக்குவது ஒரு வேலை, சாப்பாட்டு மூட்டையை மரத்தில் தூக்குவது ஒரு வேலை. எல்லாமே வெளிச்சம் இருக்கும்போது சுலபம், இருட்டில் மகா கஷ்டம். ஆகவே உங்கள் திட்டம் முழுவதையும் சூரியனைப் பார்த்துப் போடுங்கள்.

எங்கே தொடங்குவது

நேரே கனூவில், அதாவது துடுப்புப் போடும் ஒடுங்கிய படகில், காட்டுக்குள் இறங்காதீர்கள். மூன்று தரம் போவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் ஒரு படி ஏறுங்கள்.

முதல் தரம், சாலையோர முகாமிடம் ஒன்றில் ஓர் இரவு. மியூ லேக் முகாமில் யேர்ட் என்கிற வட்டக் கூடாரங்கள் இருக்கின்றன. கட்டில், வெளிச்சம், மின் ஹீற்றர் எல்லாம் உண்டு. 'இதென்ன ஏமாற்று வேலை' என்று தோன்றும். ஆனால் இரவில் எவ்வளவு குளிரும், பிள்ளைகள் இருட்டுக்குப் பயப்படுவார்களா, உங்களுக்கு வெளியே சமைக்க வருமா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சரிவராவிட்டால் காரில் ஏறி வீட்டுக்குப் போகலாம். அந்த வசதி அடுத்த படிகளில் இல்லை.

இரண்டாம் தரம், ரேஞ்சர் கபின். முற்காலத்தில் காட்டுத் தீயைக் கண்காணித்த, காவல் சுற்றிய பூங்கா ஊழியர்கள் தங்குவதற்குக் கட்டிய மரக் குடில்கள் இவை. இப்போது மாகாணப் பூங்காக்களை நடத்துகிற ஒன்ராறியோ பார்க்ஸ் அவற்றை வாடகைக்கு விடுகிறது. ரெயின் லேக், கியோஸ்க் ஆகிய இடங்களில் உள்ளவற்றுக்குக் காரிலேயே போகலாம். ரட்லர் லேக், மக்காஸ்கில் லேக் குடில்களுக்குத் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்குக் கார் போகிற குடிலே போதும். தலைக்கு மேல் கூரை, நாலு சுவர், மேசை, படுக்கத் தட்டு, விறகு அடுப்பு. அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கனூக் குடிலைவிட இதைத்தான் நான் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குச் சொல்வேன். மழை வந்தாலும் பயணம் பாழாகாது.

மூன்றாம் தரம், கனூவில் உள்ளே. கனூ லேக்கில் இறங்கி வடக்கே துடுப்புப் போட்டு, ஜோ லேக் அணைக்கட்டுப் பக்கம் 295 மீற்றர் தூரம் கனூவைத் தூக்கி நடந்து, ஜோ லேக்கில் ஓர் இடம் பிடிப்பது. புதியவர்கள் பலர் முதலில் போவது இந்த வழியால்தான். இப்படி ஓர் ஏரியில் இருந்து இன்னோர் ஏரிக்குத் தரைவழியே சுமந்து போவதைப் போர்டேஜ் என்பார்கள். மஞ்சள் பலகையில் தூரத்தை மீற்றரில் எழுதியிருப்பார்கள்.

அரச காணியில் கனடாவில் வசிப்பவர்கள் ஓரிடத்தில் 21 நாள் வரை இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே பலகையும் இல்லை, மலசலகூடமும் இல்லை, தொலைந்தால் தேடுவதற்கு உங்கள் பெயர் யாரிடமும் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது, எப்படிப் பதிவது

மே மாத லோங் வீக்கெண்டில் மட்டும் போகாதீர்கள். மே நடுவில் இருந்து ஜூன் கடைசி வரை பிளாக் ஃபிளை என்கிற சின்னக் கறுப்பு ஈ காதோரத்தையும் கழுத்தையும் கடித்து இரத்தம் வரவைக்கும். அதன் பின்னாலேயே நுளம்பு வந்து ஜூலை வரை நிற்கும். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் இரண்டும் அடங்கிவிடும், ஏரித் தண்ணீரும் குளிக்கிற அளவுக்குச் சூடாகி இருக்கும். என்னைக் கேட்டால் ஓகஸ்ட் கடைசி வாரமும் செப்டெம்பர் முதல் இரண்டு வாரமும்தான். செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் சிவக்கும்போது இன்னும் வடிவு, ஆனால் இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும், கூட்டமும் அள்ளும்.

பதிவு ஒன்ராறியோ பார்க்ஸ் இணையதளத்தில், வரும் நாளுக்கு 5 மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். நல்ல வார இறுதிகள் அன்று காலையிலேயே போய்விடும். உள்காட்டுக்குப் பதியும்போது நீங்கள் பதிவது ஏரியை, குறிப்பிட்ட இடத்தை அல்ல. ஏரிக்குப் போய், கரையில் செம்மஞ்சள் பலகை தெரிகிற, ஆள் இல்லாத இடத்தைப் பிடிக்க வேண்டும். பிந்திப் போனால் நல்ல இடமெல்லாம் போய், ஏரியின் கடைசி மூலையில் சதுப்புக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். ஓர் இடத்தில் 9 பேருக்கு மேல் தங்கக்கூடாது. மாமா, மாமி, சித்தப்பா குடும்பம் என்று இருபத்தைந்து பேராகப் போகிற வழக்கம் இங்கே சரிவராது.

சாப்பாடு

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகள் எல்லாம் ஓட்ஸும் மார்ஷ்மெல்லோவும்தான் சொல்லும்.

அல்கோன்குவின் உள்காட்டுக்குள் டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. டின் மீன், தேங்காய்ப்பால் டின், ஊறுகாய்ப் போத்தல், ஜாம் போத்தல் எல்லாம் வீட்டில் நிற்க வேண்டியவை. திரும்பக் கழுவிப் பாவிக்கிற பிளாஸ்ரிக் டப்பாவில் மாற்றிக் கொண்டுபோகலாம். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பால்மா.

அடுத்தது காஸ் கணக்கு. சிறிய முகாம் அடுப்பில் சிவப்புச் சம்பா அரிசி அவிய விட்டால் பசியும் காஸும் சேர்ந்து தீர்ந்துவிடும். பாஸ்மதி கொண்டுபோங்கள், பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தாளிதச் சாமான் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் ஒன்றாகக் கலந்து கட்டிவிடுங்கள். வீட்டில் வறுத்து இடித்த கட்டைச் சம்பல் ஒரு வாரத்துக்குக் கெடாது, ரொட்டியோடும் போகும், சோற்றோடும் போகும். முதல் இரவுக்கு மட்டும் வீட்டில் சமைத்து உறைய வைத்த இறைச்சிக் கறி. அது பகல் முழுவதும் ஐஸ் கட்டியாக மற்றச் சாமானையும் குளிர வைத்திருக்கும், இரவுக்குப் பதமாக இளகிவிடும். இரண்டாம் நாளுக்குப் பருப்பு. காலைக்கு ரொட்டி மாவை வீட்டிலேயே உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கலந்து கொண்டுபோனால், தண்ணீர் விட்டுக் குழைத்துத் தட்டினால் முடிந்தது.

கருவாடு வேண்டாம். எனக்கும் நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் என்றால் உயிர்தான். கரடிக்கும் அப்படியே இருக்கலாம்.

தேயிலை, சீனி, பனங்கட்டி. இவற்றில் கை வைக்காதீர்கள். விடியற்காலை ஏரியில் பனிப்புகார் எழும்பும்போது குடிக்கிற பிளேன் ரீக்காகத்தான் பாதிப் பயணமே.

உடுப்பும் சாமானும்

ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் காயாது, காயாவிட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜூலையில்கூட இரவில் 10 பாகைக்குக் கீழே போகும். பொலியெஸ்ரர் அல்லது கம்பளி உடுப்பு, ஒரு தடித்த ஸ்வெட்டர், குல்லா, மழை ஜாக்கெற். படுக்கும்போது மட்டும் போடுவதற்கென்று ஒரு சோடி காய்ந்த காலுறையைப் பிளாஸ்ரிக் பைக்குள் கட்டி ஒளித்து வையுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொள்ளுங்கள்.

குளிர் மேலே இருந்து வருவதைவிட நிலத்தில் இருந்து வருவது கூட. ஸ்லீப்பிங் பாக் மட்டும் போதாது, அதற்குக் கீழே காற்றடைத்த அல்லது நுரை மெத்தை வேண்டும். குடிலின் பலகைத் தட்டுக்கும் அது வேண்டும். தலையில் மாட்டுகிற ரோச் ஆளுக்கொன்று. போன் வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கூடாரம் கட்ட முடியாது. மீதிச் சாமானைக் கனூ வாடகைக்கு விடுகிற கடைகளிலேயே வாடகைக்கு எடுக்கலாம். முதல் பயணத்துக்கு எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். எங்கள் கராஜில் ஒரே ஒரு தரம் பாவித்த எட்டுப் பேர் கூடாரம் ஒன்று இன்னும் கிடக்கிறது.

கனூவில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெற், ஒரு விசில், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி. இவை சட்டப்படி இருக்க வேண்டியவை. லைஃப் ஜாக்கெற்றைச் சட்டத்துக்காகக் கனூவில் போட்டு வைக்காமல் உடம்பில் போடுங்கள். நன்றாக நீந்துவேன் என்கிற கதை குளிர்ந்த தண்ணீரிடம் எடுபடாது.

அந்த நாள்

காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். நெடுஞ்சாலை 400, பிறகு 11, ஹன்ட்ஸ்விலில் 60 க்குத் திரும்பிக் கிழக்கே. கடைசிப் பெரிய பலசரக்குக் கடையும் மலிவான பெற்றோலும் ஹன்ட்ஸ்விலில்தான். ஒன்பது, ஒன்பதரைக்குக் கனூ லேக்கில் நின்றால் பத்தரைக்குத் தண்ணீரில் இறங்கலாம்.

ஏன் இந்த அவசரம்? பெரிய ஏரிகளில் காலையில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். மத்தியானத்துக்குப் பின் காற்று எழும்பும். நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டுப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கனூவில் இறங்கினோம். எதிர்க்காற்று. நாலு தரம் துடுப்புப் போட்டால் மூன்று தரத்துத் தூரம் பின்னே தள்ளியது. போர்டேஜை அடைந்தபோது சூரியன் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. கனூவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருட்டில் 295 மீற்றர் நடந்தது எனக்கு 295 மைல். கூடாரத்தைச் சரிவான இடத்தில் அடித்துவிட்டு இரவு முழுவதும் மூன்று பேரும் ஒரு மூலைக்கு உருண்டு கிடந்தோம். சாப்பாடு? பச்சைப் பாணும் சம்பலும்.

துடுப்புப் போடும்போது கரையை ஒட்டியே போங்கள். நடு ஏரியால் குறுக்கே போனால் கெதியாகப் போகலாம் என்று தோன்றும், அலை எழும்பினால் அங்கே ஒதுங்க இடமில்லை. அலை கூடினால் இருக்கையில் இருந்து இறங்கி முழங்காலில் நில்லுங்கள், கனூ ஆடாது. கவிழ்ந்தால் கனூவை விட்டு நீந்திப் போகாமல் அதையே பிடித்துக்கொண்டிருங்கள். ஓபியோங்கோ இந்தப் பூங்காவின் மிகப் பெரிய ஏரி, முதல் தரத்தில் அங்கே போக வேண்டாம். டொம் தொம்சன் என்ற புகழ்பெற்ற ஓவியர், காட்டு வேலையெல்லாம் பழகியவர், கனூ லேக்கில்தான் 1917 ஜூலையில் இறந்துபோனார். எப்படி இறந்தார் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. வழியில் அவருடைய நினைவுத் தூபியைப் பார்க்கலாம்.

போர்டேஜில் எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்கி வீரம் காட்ட வேண்டாம். இரண்டு நடை நடவுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது கெவ்லார் என்ற பாரம் குறைந்த பொருளில் செய்த கனூ கேளுங்கள், ஏறக்குறைய 20 கிலோதான் வரும். சில டொலர் கூட, ஆனால் தோள் உங்களுடையது.

போய்ச் சேர்ந்ததும்

பத்து நிமிடம் இளைப்பாறுங்கள், பத்து நிமிடம் மட்டும்தான். அப்புறம் இந்த ஒழுங்கில் வேலையைத் தொடங்குங்கள்.

கூடாரம் முதலில். நிமிர்ந்து மேலே பாருங்கள். காய்ந்த கிளையோ பட்ட மரமோ தலைக்கு மேலே நின்றால் வேறு இடம். நிலத்தில் படுத்துப் பார்த்துச் சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு அடியுங்கள்.

இரண்டாவது, சாப்பாட்டுக் கயிறு. இதை இருட்டுக்கு விடாதீர்கள். கூடாரத்தில் இருந்து தள்ளி, தடித்த கிளையுள்ள மரம் ஒன்றைப் பாருங்கள். சின்னப் பைக்குள் கல்லை வைத்துக் கயிற்றின் நுனியில் கட்டிக் கிளைக்கு மேலால் எறியுங்கள். பத்துத் தரம் எறிந்தால் ஒரு தரம் விழும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மூட்டை நிலத்தில் இருந்து 4 மீற்றர் உயரத்திலும், அடிமரத்தில் இருந்து 2 மீற்றர் தள்ளியும் தொங்க வேண்டும். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய், பிள்ளையின் பைக்குள் கிடக்கிற சொக்லேற், குப்பை என்று மணக்கிறது எல்லாம் மேலே போக வேண்டும். இங்கே இருப்பது கறுப்புக் கரடி. பெரும்பாலும் அது உங்களைத் தேடி வராது, மணத்தைத் தேடித்தான் வரும். வந்தால் ஓடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, சட்டியைத் தட்டி உரத்துக் கத்திக்கொண்டே பின்வாங்குங்கள்.

மூன்றாவது, தண்ணீர். கரையோரத்தில் அள்ளாமல் கனூவில் கொஞ்சம் உள்ளே போய் அள்ளினால் மண் வராது. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது. பீவர் போன்ற மிருகங்களால் ஜியார்டியா என்ற கிருமி தண்ணீரில் இருக்கும், வயிற்றைக் கிழமைக்கணக்கில் கலக்கிவிடும். கொதி எழும்பி ஒரு நிமிடம் கொதிக்கட்டும், அல்லது வடிகட்டி பாவியுங்கள். பாத்திரம் கழுவுவதும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும் ஏரிக்குள் அல்ல. தண்ணீரை அள்ளிக்கொண்டு அறுபது மீற்றராவது காட்டுக்குள் தள்ளிப்போய்.

நாலாவது, விறகு. விழுந்து காய்ந்து கிடப்பதை மட்டும் எடுக்கலாம், நிற்கிற மரத்தில் கை வைக்கக்கூடாது. பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை நன்றாகப் பற்றும், ஆனால் உயிருள்ள மரத்தில் உரிக்காதீர்கள். ரொறன்ரோவில் இருந்து விறகு கொண்டுபோகவும் கூடாது, மரத்தைத் தின்னும் பூச்சிகள் அதோடு பயணம் போகும். நெருப்பு, ஏற்கெனவே கல் வைத்த இடத்தில் மட்டும். கோடையில் காடு காய்ந்தால் நெருப்புக்கே தடை போடுவார்கள், பூங்கா வாசலில் கேளுங்கள். அதற்காகத்தான் காஸ் அடுப்பு. படுக்கப் போகும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்துச் சுடாவிட்டால்தான் அணைந்ததாக அர்த்தம்.

மலசலகூடமா? இடத்துக்குப் பின்னால் ஒரு பாதை போகும், அதன் முடிவில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். தண்டர் பொக்ஸ் என்பார்கள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அதற்கும் வெளிச்சத்திலேயே வழியைப் பார்த்து வையுங்கள்.

குடிலில் தங்கினால்

மேலே சொன்னதில் பாதி வேலை குறையும். அதற்குப் பதில் விறகு அடுப்பு வருகிறது. மூட்டுவதற்கு முன் புகைபோக்கித் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சுள்ளியில் தொடங்கிப் புகைபோக்கி சூடான பிறகு பெரிய கட்டை வையுங்கள். சாம்பலை அள்ளினால் இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள், மட்டைப் பெட்டியில் அள்ளாதீர்கள். கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ சூட்டுக்காக உள்ளே எரிப்பது சாவு. அதில் இருந்து வருகிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போடுகிற, பட்டரியில் வேலை செய்யும் சின்னக் கருவி ஒன்று உண்டு, அதை வாங்கிப் படுக்கைப் பக்கத்தில் வையுங்கள். முதலில் எதையும் வாங்காதீர்கள் என்றேனே, இது ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

எலி வரும். சாமானை இறுக்க மூடி வையுங்கள்.

ஹலிபேர்ட்டன், மஸ்கோகா பக்கம் தனியார் வாடகைக்கு விடுகிற கொட்டேஜ்களும் சில மின்கம்பி எட்டாத இடங்களில் இருக்கின்றன. பதியும் முன் கேட்க வேண்டியவை: வாசல் வரை கார் வருமா, அல்லது படகா? சோலார் எவ்வளவு தாங்கும், வெளிச்சத்துக்கு மட்டுமா, ஃப்ரிட்ஜுக்குமா? குடிதண்ணீர் இருக்கிறதா, கொண்டுவர வேண்டுமா? எத்தனை பேர் தங்கலாம்? கடைசிக் கேள்விக்கு உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். மலசலக் குழியின் கொள்ளளவை வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில்

எந்த வாசல், எந்த ஏரி, காரின் இலக்கத் தகடு, எத்தனை பேர், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். வட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். ஒரே ஓர் ஆளிடம் கொடுங்கள். ஐஃபோன் 14 இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ஆபத்துக்குச் சற்றலைற் வழியாகச் செய்தி அனுப்பலாம், ஆனால் வானம் திறந்து தெரிய வேண்டும், பட்டரியும் இருக்க வேண்டும். அல்கோன்குவின் கனூ வழிகளின் கடதாசி வரைபடம் ஒன்றைத் தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள்.

திரும்பும் நாளிலும் காலையிலேயே வெளிக்கிடுங்கள். கொண்டுபோனது எல்லாம், மற்றவர் விட்டுப்போன ஐஸ்கிறீம் குச்சி உட்பட, உங்களோடு வெளியே வரட்டும். பின்னேரம் மங்கிய நேரத்தில் 60 ஆம் இலக்கச் சாலையில் ஓடும்போது வேகத்தைக் குறையுங்கள். மூஸ் என்ற பெரிய மான் வகைக்குக் கால் உயரம், கறுத்த உடம்பு. கார் வெளிச்சத்தில் கண் மின்னுவதற்குள் அது உங்கள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும். வசந்த காலத்தில் சாலையோரத்து உப்புத் தண்ணீரைக் குடிக்க அடிக்கடி வரும்.

ஹன்ட்ஸ்வில் நெருங்கும்போது போன் தொடர்ந்து சிணுங்கத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், தாளைக் கொடுத்துவிட்டு வந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு தரமும் அம்மாவுக்குத்தான் எடுக்கிறேன்.

"என்ன, கரண்ட் வந்திட்டுதோ?" என்பார்.